குறட்டை நின்றுபோனால்தான் கவலை: தூக்கம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். அடுத்தவர் தூங்குவதை விடிய விடிய விழித்திருந்து பார்ப்பதுதான் தொழில். டாக்டர் இல்லை என்பதால் மருந்து மாத்திரை சொல்லமாட்டேன். மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் படுத்த ஐந்தாவது நிமிடமே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். "அசந்து தூங்குறான், விடு" என்கிறார் மாமியார். ஆனால் நடுவில் சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் கவனித்ததுதான் முக்கியமான விஷயம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். உள்நாக்கும் நாக்கின் அடிப்பகுதியும் காற்று போகும் வழியில் சரியும். வழி குறுகினால் அங்கே சதை அதிரும், அதுதான் குறட்டை. வழி முழுதாக அடைத்துக்கொண்டால் சத்தமே வராது, காற்று போனால்தானே சத்தம்?

எங்கள் திரையில் இது அப்படியே தெரியும். மூக்கடியில் வைத்த குழாயின் கோடு தட்டையாகப் படுத்துவிடும். மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பெல்ட்டின் கோடுகள் மட்டும் ஏறி இறங்கும். மனிதர் மூச்சிழுக்கப் போராடுகிறார், உள்ளே எதுவும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ரத்த ஆக்சிஜன் சதவீதம் இறங்கத் தொடங்கும். 96, 93, 89. பிறகு மூளை உசுப்பிவிட, ஒரு உறுமலோடு மூச்சு திரும்பும். காலையில் கேட்டால் "நல்லாத் தூங்கினேன்" என்பார்.

இப்படி 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதையும், மூச்சு 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்து ஆக்சிஜன் இறங்குவதையும் எண்ணுவோம். மணிக்கு 5 முறைக்குக் கீழ் என்றால் கவலையில்லை. 15 வரை லேசான ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் வரும் மூச்சுத்தடை; 30 தாண்டினால் கடுமையானது. பகலில் தூங்கி விழுதல், காலைத் தலைவலி, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறது என்றால் இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். அவர் தூங்கும்போது ஃபோனில் பத்து நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போனால், நீங்கள் வாயால் விளக்குவதைவிட அது நன்றாகப் பேசும்.

கேள்வி: மல்லாந்து படுத்தால் மட்டும் குறட்டை வருகிறது. முதுகில் பந்து கட்டிக்கொள்ளச் சொல்கிறார்களே?

பதில்: வேலை செய்யும். நானும் பழைய பனியனின் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்து வைத்துப் படுத்தவன்தான். மூன்று வாரம் தாங்கியது, அப்புறம் ஒரு ராத்திரி கழற்றி எறிந்துவிட்டேன். பெரும்பாலானவர் கதை இதுதான். முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணையை அண்டக் கொடுப்பது கொஞ்சம் சுகமான வழி. தலைக்கு மட்டும் இரண்டு மூன்று தலையணை அடுக்காதீர்கள். கழுத்து மடங்கி வழி இன்னும் குறுகும். உயரம் வேண்டுமென்றால் கட்டிலின் தலைமாட்டையே சற்று உயர்த்துங்கள்.

கேள்வி: மூக்கில் ஒட்டும் பட்டை, வாயை மூடி ஒட்டும் டேப், இரண்டில் எது நல்லது?

பதில்: மூக்கடைப்பால் வரும் குறட்டைக்குப் பட்டை ஓரளவு உதவும். மூச்சு நிற்பதை அது சரிசெய்யாது. வாய் டேப் வேண்டாம். ஆதாரம் மிகக் குறைவு, மூக்கும் அடைத்திருந்தால் ஆபத்து.

கேள்வி: இரண்டு பெக் போட்டால்தான் தூக்கமே வருகிறது சார்.

பதில்: தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் துண்டு துண்டாக உடையும். தொண்டைத் தசையும் கூடுதலாகத் தளர்வதால், குறட்டை விடாதவர்கூட அன்றைக்கு விடுவார்.

கேள்வி: எடை குறைத்தால் குறட்டை போய்விடுமா? தொண்டைக்குப் பயிற்சி உண்டா?

பதில்: உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத்தடை ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது என்று ஒரு நீண்டகால ஆய்வு சொல்கிறது. ஆனால் தாடை அமைப்பால் ஒல்லியானவருக்கும் இது வரும். பயிற்சிக்கும் பலன் உண்டு. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பின்னால் இழுப்பது போன்றவற்றைத் தினமும் மாதக்கணக்கில் செய்ய வேண்டும். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நீளமான ஊதுகருவி டிட்ஜெரிடூவை நான்கு மாதம் ஊதப் பழகியவர்களுக்கு மூச்சுத்தடை குறைந்ததாக 2006இல் ஆய்வே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்தால் முயலலாம்!

கேள்வி: எனக்குக் குறட்டை இல்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை புரளுகிறேன். சீக்கிரமே படுத்துப் பார்த்தும் பலனில்லை.

பதில்: சீக்கிரம் படுப்பதுதான் இங்கே தவறு. ஆறு மணி நேரத் தூக்கத்தை ஒன்பது மணி நேரப் படுக்கையில் பரப்பினால் நடுவில் ஓட்டை விழத்தான் செய்யும். எழும் நேரத்தை முதலில் கட்டிப்போடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். கண் சொக்கினால் மட்டும் படுங்கள். சுமார் இருபது நிமிடம் புரண்டால் எழுந்து மங்கின வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பான வேலை செய்யுங்கள். கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். முதல் வாரம் இன்னும் மோசமாகத்தான் இருக்கும், பெரும்பாலும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் நீடிக்கும் தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த வகை நடத்தைச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. வலிப்பு நோயோ இருமுனைக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் படுக்கை நேரத்தைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: சாயங்காலக் காபி?

பதில்: குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: ஆறு வயது மகன் தினமும் குறட்டை விடுகிறான்.

பதில்: சளி பிடித்தபோது மட்டுமென்றால் விடுங்கள். தினமும் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். டான்சில் அல்லது மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையின் வீக்கமாக இருக்கலாம்.

கேள்வி: எனக்கு சிபேப் மெஷின் எழுதிவிட்டார்கள். மாட்டினால் மூச்சு முட்டுகிறது.

பதில்: மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி அது. 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. இன்றைக்கும் கடுமையான மூச்சுத்தடைக்கு அதுதான் முதல் சிகிச்சை. முதல் ராத்திரியே மாட்டிக்கொண்டு தூங்க நினைக்காதீர்கள். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள். காற்று கசிந்து கண்ணில் அடித்தால் வாரை இறுக்காமல் மாஸ்க்கின் அளவை மாற்றச் சொல்லுங்கள். மூக்கு வறண்டால் ஈரப்பதப் பெட்டி இருக்கிறது. எதுவுமே ஒத்துவராவிட்டால், மூச்சுத்தடை கடுமையாக இல்லாத பட்சத்தில், கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கும் பல்கருவியைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, முதலில் கேட்டவள்தான். வீடியோ எடுத்துக் காட்டினேன், அவரே ஆடிப்போய்விட்டார். ஆனால் "புது இடத்தில் வயரெல்லாம் ஒட்டினால் எனக்குத் தூக்கமே வராது" என்கிறார்.

பதில்: எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், பத்து மணிக்கு மேல் குறட்டை கேட்கும். வீட்டிலேயே விரலிலும் மூக்கடியிலும் மார்பிலும் மாட்டிக்கொண்டு செய்யும் பரிசோதனையும் இருக்கிறது, அவருக்கு அது போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள். எங்கள் மாதிரிக் கூடத்துக்கு வருவதென்றால் தினமும் வைத்துப் படுக்கும் தலையணையை மட்டும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.