ஒருமுறை ஊற்றிய தண்ணீர் போதும்

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). மகளுக்கு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. பெண் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தால்தான் கோயிலில் தாலி கட்ட முடியும் என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். உண்மையா?
(வாசகி, காட்பாடி)

இல்லவே இல்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் சி.எஸ்.ஐ. ஆயர் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. அதைத் திரும்பக் கொடுக்கவே கூடாது. சந்தேகம் எழுந்தால் முக்கியமாகக் கேட்பது இரண்டு: தண்ணீர் தலையில் பட்டு ஓடியதா, மூவரின் பெயரும் சொல்லப்பட்டதா? ‘இயேசுவின் நாமத்தில்’ என்று மட்டும் சொல்லி முழுக்குக் கொடுக்கும் சில சபைகளின் ஞானஸ்நானம் செல்லாது. இதில் ரோம் தன் குருக்களுக்கும் சலுகை காட்டுவதில்லை. ‘நான்’ என்பதற்குப் பதில் ‘நாங்கள் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம்’ என்று சொன்னால் அது செல்லாது என 2020இல் வத்திக்கான் அறிவித்தது.

உங்களுக்குத் தேவை ஞானஸ்நானம் அல்ல, கத்தோலிக்க ஆயரின் (பிஷப்பின்) அனுமதி. கலப்புத் திருமணத்துக்கான அந்த அனுமதியை மாப்பிள்ளையின் பங்குத்தந்தை மறைமாவட்ட ஆயரிடம் எழுதி வாங்கித் தருவார். மாப்பிள்ளை, கடந்த 6 மாதத்துக்குள் வாங்கிய ஞானஸ்நானச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். உங்கள் பெண்ணுக்கு சபைப் பதிவேட்டிலிருந்து எடுத்த சான்றிதழ் போதும். தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வதாகவும் மாப்பிள்ளை வாக்குக் கொடுப்பார். பெண் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்பது பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிற்பாடு வரும் சண்டைகள் பெரும்பாலும் இதைப் பேசாமல் விட்டதால் வருபவை. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

திருமணத்தை உங்கள் சி.எஸ்.ஐ. கோயிலில் வைக்க விரும்பினால், தகுந்த காரணம் காட்டி அதற்குத் தனி விலக்கு வாங்க வேண்டும். வாங்காமல் நடத்தினால் கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்கில் அது திருமணமே ஆகாது. அதைச் சீர்செய்யும்வரை மாப்பிள்ளை நன்மை (நீங்கள் திருவிருந்து என்பது) வாங்க முடியாது. காலையில் இங்கே, மாலையில் அங்கே என்று இரண்டு முறை வாக்குறுதி எடுக்கவும் சட்டம் இடம் தராது. ஒரே வழிபாடு, ஒரே வாக்குறுதி. மற்றச் சபையின் ஆயர் வந்து வேதம் வாசிக்கலாம், ஜெபிக்கலாம், வாழ்த்தலாம்.

இன்னொன்று: திருப்பலி (நன்மை வழங்கும் பூசை) இல்லாத திருமண வழிபாட்டையே கேளுங்கள். இத்தகைய திருமணங்களுக்கு உரிய முறையே அதுதான். திருப்பலி வைத்தால் நன்மை கொடுக்கும் நேரத்தில், கத்தோலிக்கர் அல்லாததால் அதை வாங்க முடியாமல், பெண் வீட்டார் அத்தனை பேரும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க நேரும். கல்யாண நாளில் அந்த மனவருத்தம் எதற்கு?

கேள்வி: ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? எங்கள் சி.எஸ்.ஐ. திருவிருந்தில் கத்தோலிக்கரை நாங்கள் வரவேற்கிறோமே!
(வாசகர், ஆற்காடு)

இதுதான் இன்னும் ஆறாத புண். அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறிவிடுகின்றன என்பது கத்தோலிக்கப் போதனை. அப்போஸ்தலர் வழி தொடர்ந்து வரும் குருத்துவம் பெற்றவரே அதை நிறைவேற்ற முடியும் என்றும் அது சொல்கிறது. ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) குருப்பட்டங்கள் செல்லாது என்று போப்பாண்டவர் 13ஆம் லியோ 1896இல் அறிவித்தார். 1947இல் பிறந்த சி.எஸ்.ஐ.க்குப் பேராயர் (பிஷப்) மரபு வந்தது அந்த ஆங்கிலிக்கன் வழியில்தான். ஆகவே சிக்கல் அப்பத்தோடு நிற்கவில்லை, அதைக் கையில் எடுப்பவரின் பட்டத்திலும் இருக்கிறது. கத்தோலிக்கருக்கு ஒரே நன்மையில் பங்கெடுப்பது ஒன்றாகிவிட்டதன் அடையாளம், சி.எஸ்.ஐ.க்கோ ஒன்றாவதற்கு அதுவே வழியும்கூட. இரண்டு பக்கமும் நேர்மையான பதில்தான். உங்களை அவமதிக்கும் எண்ணம் அதில் இல்லை.

கேள்வி: விசுவாசத்தால் மட்டும் மீட்பா, நற்செயலும் வேண்டுமா? இந்தச் சண்டை தீர்ந்ததா?
(வாசகர், குடியாத்தம்)

அடிப்படையில் தீர்ந்துவிட்டது. நம் மேடைகளுக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் தகுதியால் அல்ல, அருளாலேயே கடவுள் நம்மை ஏற்கிறார். அந்த அருளே நற்செயலுக்கு நம்மை எழுப்புகிறது என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006இலும், ஆங்கிலிக்கன்கள் 2016இலும், கால்வின் வழி வந்த சீர்திருத்த சபைகள் 2017இலும் அதோடு சேர்ந்தார்கள். கடைசி மூன்று மரபுகளும் கலந்ததுதான் சி.எஸ்.ஐ. ‘விசுவாசத்தினாலே மாத்திரமல்ல’ என்ற யாக்கோபு 2:24ஐ வைத்துக்கொண்டு இன்னும் ஒருவரையொருவர் அடிப்பவர்கள் அந்த அறிக்கையை ஒருமுறை வாசிக்க வேண்டும். மாதா, போப்பாண்டவர், இறந்தோருக்கான ஜெபம் ஆகியவற்றில் வேறுபாடு அப்படியே நீடிக்கிறது.

கேள்வி: வேதாகம வினாடி வினாவில் ‘ஆறாம் கட்டளை எது?’ என்றார்கள். ஆர்.சி. பிள்ளை ‘விபசாரம் செய்யாதே’ என்றது, எங்கள் பிள்ளை ‘கொலை செய்யாதே’ என்றது. எது சரி?
(வாசகி, ராணிப்பேட்டை)

இரண்டும் சரி. யாத்திராகமம் 20இல் கட்டளைகளுக்கு எண் போட்டிருக்கவில்லை. விக்கிரகம் பற்றிய பகுதியை முதல் கட்டளையோடு சேர்த்து, இச்சை பற்றிய கட்டளையை இரண்டாகப் பிரிப்பது பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் வழி. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் அப்படி எண்ணுகிறார்கள். விக்கிரகத்தை இரண்டாம் கட்டளையாகத் தனியே நிறுத்துவது சீர்திருத்த மரபு. 1853இல் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன் அந்த மரபைச் சேர்ந்தது. உங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. ஞாயிறு பள்ளியில் அந்தக் கணக்கு ஓடுவது அதனால்தான். அடுத்த போட்டியில் எண்ணைக் கேட்காமல் வசனத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.