செங்கண்மாரிக்குக் கீழ்காய்நெல்லிச் சாறு போதுமா?

கேள்விகள் இரண்டு: செங்கண்மாரிக்கு, அதாவது மஞ்சள் காமாலைக்கு, கீழ்காய்நெல்லி (கீழாநெல்லி) மட்டும் போதுமா, அதை யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

இரண்டாவதுக்கு முதலில் பதில். ஆராய்ந்திருக்கிறார்கள், லேசுப்பட்ட ஆட்களும் இல்லை. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க் இந்தச் செடியின் பின்னால் போனவர். 1988இல் சென்னையின் எஸ்.பி. தியாகராஜனும் அவரும் மற்றவர்களும் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பி வைரஸை உடம்பில் சுமப்பவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி, தினம் மூன்று வேளை, 30 நாள். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அந்த வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத போலி மருந்து குடித்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி.

பெரிய சேதிதான். ஆனால் பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழு, அதுவரை இருந்த சோதனைகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, போலி மருந்தைவிட இது நல்லது என்று நம்பச் சான்று போதாது என்றது. ஆய்வுகூட எலிகளில் ஈரலைக் காக்கும் தன்மை தெரிந்திருக்கிறது, அதை நான் தள்ளிவிடவில்லை. எலியில் சரிவந்தது மனிதனிலும் சரிவர வேண்டுமே!

சரி, அப்படியென்றால் எங்கள் மட்டக்களப்பில் குடித்தவர்கள் எல்லாம் எப்படிச் சுகமானார்கள்? அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருகிற ஹெபடைட்டிஸ் ஏ, பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளில் தானாகவே மாறிவிடும். சாறு குடித்தாலும் மாறும், குடிக்காவிட்டாலும் மாறும். பெயர் மட்டும் செடிக்கு.

மாரி மழை விழுந்தால் வேலியோரமெல்லாம் தானாக முளைக்கிற செடி இது. வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் அரைத்து மோரில் கரைத்துக் கொடுப்பார்கள், கூடவே உப்பில்லாப் பத்தியம். பிடுங்குமுன் இலைக்காம்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வரிசையாக இருக்கும் காய்களுக்குச் சிறு காம்பும், செடிக்குப் பச்சைத் தண்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஆராய்ச்சிகளில் வரும் பில்லாந்தஸ் அமாரஸ். தண்டு சிவந்து, சொரசொரப்பான காய்கள் காம்பில்லாமல் ஒட்டியிருந்தால் வேறு இனம். நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே அரைத்துவிடுகிறார்கள்.

எனக்குப் பயமெல்லாம் வேறு இடத்தில். கண் மஞ்சளாவது எலிக்காய்ச்சலிலும் நடக்கும். வட்டைக்குள், அதாவது வயலுக்குள், சேற்றில் நிற்கிறவர்களுக்கு, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக்கூட, எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து அந்தக் கிருமி ஏறிவிடும். 2008இல் மட்டும் இலங்கையில் ஏழாயிரம் பேருக்கு மேல் பதிவானார்கள். அது கிருமிக்கொல்லி மருந்துக்குக் கேட்கிற நோய், பிந்தினால் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும். அதனால் வயல் வேலை செய்தவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவப்பு அல்லது மஞ்சள், சிறுநீர் குறைவு என்று எது வந்தாலும் பத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும் வட்டையில் இறங்கியதைச் சொல்லுங்கள். சாறு குடித்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். டொக்டர் ஏசினால் ஏசிவிட்டுப் போகட்டும்.