உரிமைத்தொகை மறுப்பும் வருமான வரித் தாக்கலும்

வணக்கம் சகோதரி. பெயின்டிங் ஒப்பந்தத்தில் உங்கள் கணவர் ஈட்டிய ரூ.1,92,000-இல் முன்கூட்டியே வரியாகப் பிடிக்கப்பட்ட ரூ.1,920-ஐத் திரும்பப் பெறுவதற்காக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ததையே காரணம் காட்டி, கலைஞர் மகளிர் உரிமைத்தொகையை மறுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வேதனையாக இருந்தது.

தாக்கல் செய்வது வேறு, வரி செலுத்துவது வேறு. குடும்பத்தில் எவரேனும் ஆண்டுக்கு ரூ.2.5 லட்சத்துக்கு மேல் ஈட்டிக் கணக்குத் தாக்கல் செய்தாலோ, வருமான வரி செலுத்தினாலோதான் தகுதி இழப்பு என்பதே விதி. பிடித்தம் முழுவதும் திரும்பக் கிடைத்திருந்தால், உங்கள் கணவர் செலுத்திய வரி பூஜ்யம்தான். குடும்பத்தில் வேறு வருமானம் இல்லையென்றால், தாக்கல் ஒப்புகைச் சீட்டில் மொத்த வருமானமும் திரும்பப்பெறும் தொகையும் உள்ள இடங்களை அடிக்கோடிட்டு, மறுப்புக் குறுஞ்செய்தி வந்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யுங்கள். தயங்க வேண்டாம்.