முழுக் கண் பரிசோதனை: கேட்டதும் சொன்னதும்

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது பார்வையையும் பவரையும் பரிசோதிப்பவராக, இருக்கிறேன். கண் பரிசோதனை பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கண்ணாடிக் கடையிலேயே கம்ப்யூட்டரில் பார்த்து பவர் சொல்லிவிடுகிறார்களே அக்கா, அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரி?

அந்த மெஷின் தருவது தோராயமான பவர்தான். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா" என்று கேட்டுத்தான் உங்களுக்கான பவரை முடிவு செய்ய வேண்டும். அதுவும்கூட பரிசோதனையில் ஒரு பகுதிதான். சார்ட்டில் கடைசி வரி வரை, அதாவது 6/6, படிக்கிறவருக்கும் கண்நீர் அழுத்த நோய் (க்ளௌகோமா, கண் நரம்பு கெட்டுப் போகும் நோய்) இருக்கலாம். அது முதலில் ஓரப் பார்வையைத்தான் பறிக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. போன பார்வை திரும்பியும் வராது. அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது அந்த நோய் இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

என்னென்ன செய்வார்கள்? என்ன கொண்டு வரணும்?

அரை நாள் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். பழைய கண்ணாடி, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போட்ட சொட்டு மருந்து எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்து, அதை மாதக்கணக்கில் போட்டிருந்தால் கண் அழுத்தம் ஏறலாம், புரையும் வரலாம்.

முதலில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் சொல்வோம். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆங்கில 'ஈ' எழுத்து நாலு பக்கமும் திரும்பி நிற்கும் சார்ட் இருக்கிறது. கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். கூட வந்தவர்கள் பின்னாலிருந்து மெதுவாக விடை எடுத்துக்கொடுப்பார்கள். பாசம்தான், ஆனால் பவர் தப்பாகிவிடும்.

அடுத்து கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் பார்ப்போம். புஸ்ஸென்று காற்று அடிக்கும் மெஷின் ஒன்று. இன்னொன்றில், மரத்துப் போகச் சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் வைத்து, நீல வெளிச்சத்தில் கண்ணை லேசாகத் தொட்டு அளப்போம். வலிக்காது. அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். ஆனால் 16 இருந்தும் கண் நரம்பு கெட்டுப் போகிறவர்கள் உண்டு. அதனால்தான் உள்ளே நரம்பையும் பார்த்தாக வேண்டும்.

கண் பாப்பாவை (கருவிழி நடுவில் இருக்கும் துவாரத்தை) விரிக்கிற சொட்டு மருந்து போட்டால் ரொம்ப நேரம் கண் கூசுகிறது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

தயவுசெய்து சொல்லாதீர்கள். முழுப் பரிசோதனையில் மிக முக்கியமான கட்டம் இதுதான். பாப்பா சின்னதாக இருக்கும்போது விழித்திரையை (கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் திரையை) பார்ப்பது, சாவித்துவாரம் வழியாக ஒரு வீட்டைப் பார்ப்பது மாதிரி. நடுப்பகுதி தெரியும், ஓரத்தில் இருக்கும் கிழிசல் தெரியாது.

சொட்டு விட்டதும் சில நொடி எரியும். அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காருங்கள். அப்புறம் நாலு முதல் ஆறு மணி நேரம் போனில் எழுத்து மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். பைக்கில் வராதீர்கள், யாரையாவது கூட்டி வாருங்கள், கூலிங் கிளாஸ் இருந்தால் கொண்டு வாருங்கள். உங்கள் கண்ணில் கோணம் (உள்ளே இருக்கும் நீர் வடியும் வழி) குறுகல் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் சொட்டு விடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சிலருக்கு அந்த மருந்து அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும்.

போன மாதம்தான் சர்க்கரை என்று சொன்னார்கள். கண் நன்றாகத்தான் தெரிகிறது. இப்போதே பார்க்கணுமா?

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால் இப்போதே, அப்புறம் வருடாவருடம். சர்க்கரை எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, கண்டுபிடித்த தேதி மட்டும்தான் தெரியும். விழித்திரையில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் விழும் கட்டத்தில் பெரும்பாலும் பார்வை குறையாது. பார்வை குறையும்வரை காத்திருந்தவர்களுக்கு வைத்தியம் கடினமாகிவிடுகிறது.

பையனுக்கு நாலு வயசு, எழுத்தே தெரியாது. எப்படிப் பார்ப்பீர்கள்?

படம் காட்டிப் பார்ப்போம். கண்ணில் வெளிச்சம் அடித்து, பிள்ளை ஒன்றும் சொல்லாமலே பவர் கண்டுபிடிக்கவும் முடியும். அதற்கு வேறு சொட்டு மருந்தோ, வீட்டில் வைக்க அட்ரோபின் களிம்போ தருவார்கள். களிம்பு என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் கிட்டத்தில் மங்கலாக இருக்கலாம், ஸ்கூல் மிஸ்ஸிடம் சொல்லி வையுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம் இருந்தால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடலாம். சோம்பல் கண் என்பது அதுதான். சின்ன வயதில் பிடித்தால் நன்றாகவே சரிசெய்யலாம்.

கான்டாக்ட் லென்ஸோடு வரலாமா?

வேண்டாம், கண்ணாடி போட்டு வாருங்கள். மஞ்சள் சாயம் சாஃப்ட் லென்ஸில் பிடித்துக்கொள்ளும்.

ரெண்டு நாளாக இடது கண்ணில் கொசு பறப்பது போலப் புள்ளிகள், ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. அடுத்த மாதம் அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது, அதுவரை சொட்டு மருந்து ஏதாவது போடலாமா?

எதுவும் போடாதீர்கள், அப்பாயின்ட்மென்டுக்கும் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே கிளம்புங்கள். விழித்திரை கிழிந்திருந்தால் லேசர் வைத்து அடைத்துவிடலாம், விலகிவிட்டால் ஆபரேஷன் வரை போகும். கவுன்டரில் "திடீரென்று புள்ளி, மின்னல்" என்று முதலிலேயே சொல்லுங்கள், வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.