முதியோர் இல்லத்தில் ஆள் நிலைக்க: கேள்வி பதில்

(முதியோர் இல்லப் பணியாளர் நிர்வாகம் பற்றி ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்த கேள்விகள்)

கீழக்கரை, நிர்வாகி: ஆண்டு விழாவில் எல்லோருக்கும் சால்வை போர்த்தி, சேலையும் எடுத்துக் கொடுக்கிறோம். ஆனாலும் மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்களே?

சேலையைக் கொடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் முதலில் கட்டிலை அளந்து பாருங்கள். சாதாரண இரும்புக் கட்டில் ஒன்றரை அடிதான் இருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடும் பெண், ஒவ்வொரு முறையும் இடுப்பு ஒடியக் குனிகிறாள். இப்படிக் கொஞ்ச நாள் போனால் எந்தச் சால்வையும் அவளை நிறுத்தாது.

மெத்தையின் மேல்மட்டம் பணியாளரின் இடுப்புக்கு வர வேண்டும். சக்கரமில்லாத கட்டிலென்றால், கால் வழுக்காதபடி குழி வெட்டிய மரக்கட்டைகளை நான்கு காலுக்கும் வையுங்கள். பக்கக் கம்பியும் அவசியம். எழுந்து நடமாடுபவரின் கட்டிலை மட்டும் உயர்த்தாதீர்கள், இறங்கும்போது விழுவார்.

தூக்குவது எப்போதும் இரண்டு பேர். கெட்டியான போர்வையை இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அடியில் விரியுங்கள். இருபுற ஓரத்தையும் உடம்போடு ஒட்டச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி, எண்ணிச் சொல்லி ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் பெரியவரின் தோளும் போகும், இழுப்பவரின் முதுகும் போகும். இரவில் ஒரே ஆளைப் போட்டுவிட்டு 'இரண்டு பேராகத் தூக்கு' என்று சுவரில் எழுதி வைப்பதில் பயனில்லை.

தேவிபட்டினம்: மே மாதம் வந்தால் எல்லோரும் முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வரும்படி நின்ற நேரத்தில்தான் பள்ளிக்கூடச் செலவும் வரும். அதனால் மார்ச்சிலேயே இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். வட்டியில்லாமல் கொடுத்து, ஜூலையிலிருந்து ஆறு தவணையாகப் பிடியுங்கள். ஒரே மாதத்தில் பிடித்தால் அந்த மாதமே ஆள் வேறிடம் தேடும். பணியாளரின் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிற வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

தங்கச்சிமடம்: டூட்டி மாறும் நேரத்தில் தினமும் சண்டை. என்ன செய்வது?

கடிகாரத்தை விட்டுவிட்டு பஸ்ஸைப் பார்த்து நேரம் வையுங்கள். 8 மணிக்கு டூட்டி முடிந்து, கடைசி பஸ் 7.50க்குப் போய்விட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? ஆடி, தை அமாவாசைகளில் ராமேசுவரம் பாதையில் பஸ் ஏறவே முடியாது. அந்த நாட்களுக்கு உள்ளேயே தங்குகிறவர்களை முன்கூட்டி ஏற்பாடு செய்யுங்கள். டூட்டி பட்டியலை இரண்டு வாரம் முன்பே ஒட்டுங்கள். பொறுப்பு ஒப்படைக்கும் 15 நிமிடமும் சம்பள நேரம்தான்.

மண்டபம், பணியாளர்: பாட்டியின் வளையலைக் காணோம் என்று எல்லோர் முன்னாலும் என் பையைக் கொட்டச் சொன்னார்கள். இது சரியா அக்கா?

சரியே இல்லை தங்கச்சி. சேர்க்கும் அன்றே நகைகளை எழுதி, குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கி, வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டியது நிர்வாகம். புகார் வந்தால் முதலில் தலையணை உறை, டயப்பர் கூடை, துவைக்கப் போன துணியில் தேட வேண்டும். மறதி நோய் உள்ளவர்கள் பொருளை ஒளித்து வைப்பது சாதாரணம். ஒருவரைப் பலர் முன் சோதித்தால், பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் கிளம்பத் தயாராகிவிடுவார்கள்.

தொண்டி: இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டினால் கையில் வரும் சம்பளம் குறைகிறது என்கிறார்களே?

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்குக் கட்டித்தான் ஆக வேண்டும். 12,000 சம்பளத்தில் பணியாளரிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். நீங்கள் கட்டுவது 3.25 சதவீதம், 390 ரூபாய். இதை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். வாயால் சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்றே நினைப்பார்கள்.

பாம்பன்: பாராட்டுவது எப்படி? 'நல்லா பண்றீங்க' என்றால் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

எதைச் செய்தார் என்று சொல்லுங்கள். 'இடுப்பெலும்பு மேல் சிவந்திருந்த இடத்தை அழுத்திப் பார்த்து, வெளுக்கவில்லை என்று நேற்றே சொன்னீர்களே, அதனால்தான் படுக்கைப் புண் ஆகாமல் தடுக்க முடிந்தது' என்று அதே டூட்டியில், டாக்டர் நிற்கும்போது சொல்லுங்கள். ஒப்படைப்புப் பதிவேட்டிலும் அவர் பெயரோடு எழுதுங்கள்.