கொமிஷனைக் கூட்டாதீர்கள், வகுத்துப் பாருங்கள்

அன்புள்ள அக்கா,

திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலிருந்தே கண்ணாடி மணித் தோடு செய்கிறேன். 600 ரூபாப் பைக்கற்றில் 60 மணி; சோடிக்கு ஆறு மணி போகும். கட்ட 25 நிமிடம். மணி, கொக்கி, கம்பி எல்லாம் 125 ரூபாதான் என்று 450க்கு விற்கிறேன். இப்போது ஒரு ஹோட்டல் கடை 30 வீதம் கொமிஷன் கேட்கிறது. கட்டுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

450க்குக் கட்டாது. கடையில் பிழையில்லை, உங்கள் அடக்கவிலைதான் இன்னும் முழுதாக எழுதப்படவில்லை.

பைக்கற்றைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். துளை அடைபட்டது, விளிம்பு உடைந்தது, நிறம் சேராதது என்று 12 கழிந்தால் தோட்டுக்குப் போவது 48தான். அப்போது மணி ஒன்று 12.50, சோடிக்கு 75. கொக்கி 40, வெட்டுத்துண்டோடு கம்பி 25, அட்டையும் பையும் 20. ஆக 160. இதிலும் அடுத்த பைக்கற்றை வாங்கப்போகும் விலையையே போடுங்கள். மணி இறக்குமதிச் சாமான்; 2022இல் ரூபா விழுந்தபோது பழைய விலைக் கணக்கில் விற்றவர்கள் கைமுதலைத் தின்றார்கள்.

25 நிமிடத்தோடு மணி பொறுக்க, அட்டையில் குத்த, படம் எடுக்க இன்னொரு 10 நிமிடம். மணித்தியாலத்துக்கு 300 ரூபா என்று வைத்தால் கூலி 175.

ஓட்டோ, கரண்ட், டேட்டா, குறடு தேய்மானம் மாதம் 4,500 என்று வைப்போம். சுற்றுலா சீசனில் மாதம் 120 சோடி போகிறதென்று அதால் பிரிக்காதீர்கள். மாரியில் நிலாவெளிப் பக்கம் ஆள் நடமாட்டமே குறைந்துவிடும், செலவு நிற்காது. வருடச் செலவு 54,000ஐ வருடத்தில் விற்கும் 720 சோடியால் பிரியுங்கள்: 75.

அடக்கம் 410. 20 வீத இலாபம் சேர்த்தால் 492. 500 என்று வையுங்கள். கடைக்காரர் காசு கொடுத்து மொத்தமாக எடுத்தால் இதுதான் விலை.

கொமிஷனுக்கு வைக்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். 500இல் 30 வீதத்தைக் கூட்டி 650 என்று எழுதுவார்கள். கடை கழிப்பது 650இல் 30 வீதம், அதாவது 195. கைக்கு வருவது 455. இலாபத்தில் பாதி போய்விட்டது. 500ஐ 0.70ஆல் வகுங்கள்: 714. 720 என்று ஒட்டினால் 216 போக 504 உங்களுக்கு. வீட்டில் விற்றாலும் அதே 720தான். நீங்களே குறைந்த விலைக்கு விற்கிறீர்கள் என்று தெரிந்தால் கடை உங்கள் சாமானை வைக்காது.

720 கூடுதலாகப் பட்டால் கூலியைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். பத்துச் சோடிக்கும் கம்பியை ஒரே தடவையில் வெட்டி, வளையத்தையும் ஒரே தடவையில் வளைத்தால் சோடிக்கு ஏழு நிமிடம் மிச்சம் பிடிக்கலாம். அது 35 ரூபா. கொக்கியில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். கடற்கரை உப்புக்காற்றும் வியர்வையும் பட்டால் பித்தளை கறுத்துக் களிம்பு பிடிக்கும், திரும்பி வரும் ஒரு சோடி மூன்று நான்கு சோடியின் இலாபத்தைக் கொண்டுபோகும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி போடுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது எத்தனை சோடி, என்ன விலை, எந்தத் திகதியில் காசு, உடைந்தால் யார் பொறுப்பு என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அவர்களின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.