நாஃப்ளியோவுக்குப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கிரேக்கத்தில் தீவுகளை விட்டுவிட்டு நாஃப்ளியோவுக்குப் போகத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெலோபொன்னீஸ் தீபகற்பத்தில், ஆர்கோலிஸ் வளைகுடாவின் கரையில் இருக்கும் ஊர் இது. ஏதென்ஸுக்கு முன்பு, 1834 வரை, விடுதலை பெற்ற கிரேக்கத்தின் தலைநகராக இருந்தது.

கேள்வி: ஏதென்ஸில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் நாஃப்ளியோவைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வேண்டாம். தூரம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். விடிந்ததும் கிளம்பினாலும் ஊரில் இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும். பலமீதி மலைக்கோட்டையின் படிகளை ஏறக் கூடாத நேரத்தில் ஏறுவீர்கள். சாயங்காலம் பழைய நகரத்துச் சந்துகளில் ஆட்கள் நடமாடத் தொடங்கும்போது திரும்பும் பேருந்தில் உட்கார்ந்திருப்பீர்கள். இந்த ஊரின் நல்ல நேரங்கள் இரண்டுதான்: காலை எட்டு முதல் பத்தரை வரை, பிறகு மாலை ஆறுக்கு மேல். ஒரு நாள் பயணத்தில் இரண்டுமே கைநழுவிப் போகும்.

குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். அருகிலுள்ள பண்டைய இடங்களான மைசீனியும் எபிடாரஸும் சேர்த்தால் மூன்று இரவு. வெள்ளி, சனி இரவுகளில் ஏதென்ஸ்வாசிகளே இங்கே ஓய்வுக்கு வந்துவிடுவதால் அறை விலை ஏறும், உணவகங்களில் இடம் கிடைக்காது. ஞாயிறு மாலை வந்து புதன் அல்லது வியாழன் கிளம்புவது பையையும் மனதையும் காக்கும்.

கேள்வி: பேருந்து எங்கே ஏற வேண்டும்? ரயில் உண்டா?

பதில்: ரயில் இல்லை. ஊரில் பழைய ரயில் நிலையம் இருக்கிறது, வண்டி வருவதில்லை. க்டெல் எனப்படும் வெளியூர்ப் பேருந்துகள் ஏதென்ஸின் கிஃபிஸோஸ் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. விமான நிலையத்திலிருந்து நேராகப் போகிறவர்கள் எக்ஸ் 93 பேருந்தில் ஏறினால் கிஃபிஸோஸுக்குப் போய்ச் சேரலாம். லியோஸியோன் என்று இன்னொரு வெளியூர் நிலையமும் ஏதென்ஸில் உண்டு. அது டெல்ஃபி போன்ற ஊர்களுக்கானது. பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டே இறங்குங்கள். பெரிய பெட்டியோடு தவறான நிலையத்தில் இறங்கினால் ஒரு பேருந்தாவது தவறிவிடும்.

பயணச்சீட்டில் இருக்கை எண் இருக்கும், அதில்தான் உட்கார வேண்டும். ஞாயிறு மாலை ஏதென்ஸ் திரும்பும் வண்டிகள் நிரம்பிவிடும். அன்று திரும்புவதாக இருந்தால் போகும்போதே திரும்பும் சீட்டையும் வாங்கிவிடுங்கள். நாஃப்ளியோவில் பேருந்து பழைய நகரத்தின் ஓரத்திலேயே நிற்கும், அங்கிருந்து நடைதான்.

கேள்வி: பழைய நகரத்துக்குள் அறை எடுக்கலாமா, வெளியே எடுக்கலாமா?

பதில்: உள்ளேதான். ஆனால் பணம் கட்டுமுன் விடுதிக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "வண்டி வரும் இடத்திலிருந்து என் அறைக் கட்டில் வரை எத்தனை படி?" பழைய நகரத்தின் வடபகுதி துறைமுகத்தை ஒட்டிய சமதளம். தெற்கே அக்ரோநாஃப்ளியா குன்றின் சரிவில் தெருக்களே படிக்கட்டுகளாக ஏறுகின்றன. அழகான பால்கனிகள் பெரும்பாலும் அந்தச் சரிவில்தான். சக்கரப் பெட்டி அங்கே உதவாது, தோளில்தான் சுமக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் குறுகிய மரப்படி இருக்கும், மின்தூக்கி அரிது.

இன்னொன்று. முன்பதிவுத் தளத்தில் காட்டும் தொகையில் சேராத அரசுக் கட்டணம் ஒன்றை விடுதியில் தனியாக வாங்குவார்கள். 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களில் ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு: ஒரு நட்சத்திர, இரண்டு நட்சத்திர விடுதிகளில் 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5, நான்கில் 10, ஐந்தில் 15. ஏமாற்று வேலை என்று எண்ணிச் சண்டை போட வேண்டாம். தலைக்கு அல்ல, அறைக்குத்தான் அந்தக் கணக்கு.

கேள்வி: பலமீதி கோட்டைக்கு 999 படிகள் என்கிறார்கள். எனக்கு 62 வயது, முழங்கால் வலி உண்டு. ஏறலாமா?

பதில்: 999 என்பது ஊர்வழக்கு. நுழைவாயில் வரை எண்ணினால் அதைவிடக் குறைவுதான். கணக்கில் கொள்ள வேண்டியது உயரம்: கடல்மட்டத்துக்கு மேல் 216 மீட்டர், கிட்டத்தட்ட எழுபது மாடி. நன்றாக நடக்கிறவர்கள் அரை மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். நின்று நின்று ஏறினால் முக்கால் மணி.

படிக்கட்டு நகரத்தைப் பார்த்த மேற்குச் சரிவில் இருப்பதால் காலையில் அதன்மேல் பாறையின் நிழல் விழும். பிற்பகலில் அதே படிக்கட்டு முழு வெயிலில் காயும். கோடையில் கோட்டை திறக்கும் காலை எட்டு மணிக்கு வாசலில் இருக்கும்படி, ஏழேகாலுக்கெல்லாம் கீழிருந்து கிளம்பிவிடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, அடிப்பகுதி பிடிமானமுள்ள காலணி. கல் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும், செருப்பு சறுக்கும். ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் பலர் விழுகிறார்கள்.

உங்கள் விஷயத்தில்: முழங்கால் வலிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கெடுதல். டாக்ஸியில் போய்விட்டு நடந்து இறங்கலாம் என்ற வழக்கமான யோசனை மூச்சு வாங்குகிறவர்களுக்குப் பொருந்தும், முழங்கால்காரர்களுக்குப் பொருந்தாது. மலையின் பின்புறமாகக் கிழக்கு வாசல் வரை தார்ச்சாலை இருக்கிறது. போகவும் வரவும் டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள். மேலே வண்டி காத்து நிற்கும் என்று நம்ப முடியாது. கோட்டைக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் நிதானமாகச் சுற்றலாம்.

உள்ளே ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். வெனிஸ்காரர்கள் 1711–1714இல் இதை ஒரே மதிலாகக் கட்டாமல், தனித்தனியாகப் போரிடக்கூடிய எட்டுக் கொத்தளங்களாகக் கட்டினார்கள். ஒன்று விழுந்தாலும் மற்றவை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது எண்ணம். கட்டி முடித்த மறு ஆண்டே, 1715இல், ஒட்டோமான் படை சில நாள் முற்றுகையில் கோட்டையைப் பிடித்துவிட்டது. கிரேக்கர்கள் அதை மீட்டது 1822 நவம்பர் 29 நள்ளிரவு தாண்டி, அகிலீஸ் கொத்தளத்தின் வழியாக. அந்தக் கொத்தளத்தின் முன் நின்று மதிலின் உயரத்தை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏன் அங்கே ஏறினார்கள் என்பது புரியும். விடுதலைப் போர்த் தளபதி கொலோகொட்ரோனிஸை 1834இல் அடைத்த சிறை என்று ஓர் இருட்டறையைக் காட்டுவார்கள். குனிந்து நுழைய வேண்டும், கைவிளக்கு உதவும். மதில் விளிம்புகள் பலவற்றில் கைப்பிடி கிடையாது. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

கேள்வி: கடலுக்கு நடுவே தெரியும் சின்னக் கோட்டைக்குள் போக முடியுமா?

பதில்: அது பூர்ட்சி. வெனிஸ்காரர்கள் 1473இல் கட்டியது. இங்கிருந்து கரைக்குச் சங்கிலி கட்டித் துறைமுகத்தை அடைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலமீதி சிறையில் மரண தண்டனையை நிறைவேற்றும் ஊழியர்கள் ஊருக்குள் வாழ இடமில்லாமல் இங்கே குடியிருந்தார்கள், பிறகு சில காலம் விடுதியாகவும் இருந்தது. துறைமுகத்திலிருந்து சிறு படகுகள் போகும். படகில் ஏறுமுன் "இறக்கிவிடுவீர்களா, சுற்றிக்காட்டி மட்டும் திரும்புவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் படகு ஓடாது.

கேள்வி: கிரேக்கத்தின் முதல் ஆளுநர் கப்போதிஸ்ட்ரியாஸ் கொல்லப்பட்ட தேதி ஒரு நூலில் செப்டம்பர் 27 என்றும், இன்னொன்றில் அக்டோபர் 9 என்றும் இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. கிரேக்கம் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கும் இன்றைய நாட்காட்டிக்கும் 12 நாள் வித்தியாசம். அவர் 1831இல் புனித ஸ்பிரிடோன் தேவாலய வாசலில், மாவ்ரோமிஹாலிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இருவரால் கொல்லப்பட்டார். வாசலருகே சுவரில் குண்டு பட்ட இடம் என்று கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். கோயில் மிகச் சிறியது, சந்துக்குள் இருப்பதால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். வழிபாடு நடக்கும் கோயில் அது. தோளும் முழங்காலும் மறைந்திருக்கட்டும்.

அங்கிருந்து சிண்டாக்மா சதுக்கம் பக்கம்தான். மேற்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய கட்டடம் வெனிஸ்காரர்கள் 1713இல் கட்டிய கிடங்கு, இப்போது தொல்பொருள் அருங்காட்சியகம். நேரமில்லை என்றால் ஒரே பொருளைப் பாருங்கள்: 1960இல் பக்கத்து தெந்திரா கிராமத்தில் ஒரு கல்லறையில் கிடைத்த வெண்கலக் கவசம். கழுத்து முதல் தொடை வரை தகடு தகடாக, கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இவ்வளவு முழுமையாகக் கிடைத்த மைசீனியக் கவசம் வேறில்லை. பக்கத்தில் காட்டுப்பன்றித் தந்தங்களால் ஆன தலைக்கவசமும் இருக்கிறது. அரசு அருங்காட்சியகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. குளிர்காலத்தில் பிற்பகலிலேயே அடைத்தும் விடுவார்கள். முதல் நாளே வாசல் பலகையைப் பார்த்து வையுங்கள்.

கேள்வி: குழந்தைகளோடு கடலில் குளிக்க எந்த இடம் நல்லது?

பதில்: கரத்தோனா. மணற்கரை, ஆழம் மெதுவாகக் கூடும், பின்னால் யூகலிப்டஸ் நிழல். அர்வனிட்டியா கடற்கரையிலிருந்து மலையடிவாரமாக ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடைபாதை போகிறது. பாதையில் நிழல் குறைவு, குழந்தைகளோடு என்றால் வண்டியில் போங்கள்.

அர்வனிட்டியா பழைய நகரத்துக்கு மிகப் பக்கம், தண்ணீர் தெளிவு. ஆனால் கூழாங்கல் கரை, சட்டென்று ஆழம். பாறைகளில் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும். அதன் முள் காலில் ஒடிந்து தங்கினால் நாள்கணக்கில் வலிக்கும், ஆகவே ரப்பர் காலணி போட்டுக்கொண்டே இறங்குங்கள். நீந்தத் தெரிந்த பெரியவர்களுக்கு இந்த இடம் அருமை. அக்ரோநாஃப்ளியா பாறையைச் சுற்றி அங்கிருந்து துறைமுகம் வரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கடலோர நடைபாதை உண்டு. சூரியன் சாயும் நேரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். பாறை சரியும் அபாயத்தால் சில சமயம் அடைத்திருப்பார்கள், தடுப்பைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறவர்கள் எதைக் கேட்டு வாங்குவது?

பதில்: பட்டியலில் 'லாதெரா' என்ற பகுதியைத் தேடுங்கள், ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த காய்கறி வகைகள். ப்ரியாம் என்ற காய்கறிக் கலவை, கிகாண்டெஸ் என்ற பெரிய வெள்ளை மொச்சை, ஃபாவா என்ற மஞ்சள் பருப்பு மசியல், ஹோர்த்தா என்ற வேகவைத்த கீரை ஆகியவை பெரும்பாலும் பிரச்சினை இல்லாதவை. தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்த கெமிஸ்டாவில் சிலர் கொத்துக்கறி சேர்ப்பார்கள். கறி சேராததை 'ஓர்ஃபனா', அதாவது அநாதை, என்று சொல்வது வழக்கம்; அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு சொல்லில் கவனம் தேவை: 'நிஸ்டீசிமோ'. விரத உணவு என்று பொருள். முட்டை, பால், இறைச்சி இருக்காது. ஆனால் கிரேக்க விரதத்தில் இறால், கணவாய், எண்காலி எல்லாம் விலக்கு அல்ல. விரதச் சாப்பாடுதானே என்று நம்பி வாங்கித் தட்டில் கணவாயைக் காண்கிறவர்கள் உண்டு. 'அவ்கோலெமோனோ' என்றால் முட்டை–எலுமிச்சைக் குழம்பு. ஃபெட்டா பாலாடைக்கட்டியை மரபாக விலங்கு நொதியால் உறைய வைப்பதால், அதையும் தவிர்க்கிறவர்கள் கிரேக்க சாலட்டை ஃபெட்டா இல்லாமல் கேட்க வேண்டும். கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் கட்டணம் உண்டு. இரவுச் சாப்பாடு அங்கே ஒன்பது மணிக்குத்தான் சூடுபிடிக்கும். ஏழு மணிக்குப் போனால் நல்ல மேசை கிடைக்கும்.

கேள்வி: பண்டைய இடங்களான மைசீனி, டிரின்ஸ், எபிடாரஸ் மூன்றையும் பேருந்திலேயே பார்க்கலாமா?

பதில்: ஒரே நாளில் மூன்றையும் பேருந்தில் முடிக்க முடியாது. டிரின்ஸ் நான்கு கிலோமீட்டர்தான், ஆர்கோஸ் போகும் பேருந்தில் ஏறி வழியில் இறங்கிக்கொள்ளலாம். மைசீனிக்கு நாளுக்குச் சில வண்டிகளே உண்டு. அவை தவறினால் ஏதென்ஸ் வண்டியில் ஃபிக்தி கிராமத்தில் இறங்கி மூன்று, நான்கு கிலோமீட்டர் வெயிலில் நடக்க வேண்டிவரும். திரும்பும் வண்டி நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகே உள்ளே போங்கள். அட்ரியஸ் கருவூலம் என்ற பெரிய கல்லறை கோட்டை வாசலுக்கு முன்பே, சாலையோரம் தனியாக இருக்கிறது. அதே சீட்டுதான், தொலைத்துவிடாதீர்கள். மைசீனியின் தங்க முகமூடிகளை எதிர்பார்த்துப் போக வேண்டாம், அவை ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூன்று நான்கு பேராக இருந்தால் ஒரு நாள் வாடகைக்கார் எடுப்பதே நல்லது. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

எபிடாரஸில் பலர் ஏமாறுவது பெயரில். 'பண்டைய எபிடாரஸ்' என்று பலகையில் காண்பது கடலோரக் கிராமம். அங்கே இருப்பது சிறிய அரங்கு. 55 வரிசைகள் கொண்ட புகழ்பெற்ற அரங்கு அங்கிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, லிகூரியோ அருகே, மருத்துவக் கடவுள் அஸ்க்லீப்பியஸின் கோயில் வளாகத்தில் இருக்கிறது. "தியேட்டர்" என்று சொல்லிப் பேருந்துச் சீட்டு வாங்குங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெள்ளி, சனி இரவுகளில் அங்கே நாடகம் நடக்கும். கல்லிருக்கையில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், மெத்தைத் துண்டு ஒன்றும் மெல்லிய சால்வையும் எடுத்துப் போங்கள். குதிகால் உயர்ந்த காலணியோடு உள்ளே விடமாட்டார்கள், கல் சேதமாகும் என்பதால். நாடகம் முடிய நள்ளிரவு ஆகிவிடும். நாஃப்ளியோ திரும்பும் வண்டியை உறுதி செய்த பிறகே நுழைவுச் சீட்டை வாங்குங்கள்.